மதுரையில் நாய்க்கு ஊசி: பிடிக்க வேண்டியது நீங்கள்தான்

வெளிநாட்டில் நாயைப் பிடிக்கவென்றே கிளினிக்கில் உதவியாளர் இருப்பார். மதுரையில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. டாக்டர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டே "நல்லா பிடிச்சுக்கங்க" என்பார். லீவில் வந்து, அப்பா அம்மா வளர்க்கும் நாயைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாளே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம். பின்வாங்கினால் சாதாரண பெல்ட் காது வழியே கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறு ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். முறை வரும்வரை ஆட்டோவிலேயே இருக்கட்டும்; வராந்தாவில் மற்ற நாய்களோடு நின்றால் உள்ளே போவதற்குள் மிரண்டுவிடும்.

வாய்க்கட்டுக்கு மெடிக்கல் கடையின் 2 அங்குல காஸ் பேண்டேஜ் போதும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெட்டி, நடுவில் தளர்வாக ஒரு வளையம் போடுங்கள். முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று மாட்டி, மூக்குத்தண்டின் மேல் இறுக்குங்கள். இரு முனைகளையும் தாடைக்கடியில் குறுக்காகக் கட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போடுங்கள். பின்கட்டு இல்லாவிட்டால் முன்னங்காலால் ஒரே தட்டில் கழற்றிவிடும்.

நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வாயைக் கட்டி வைப்பது ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும், வாந்தி எடுக்கிற நாய்க்கும் கட்டவே கூடாது. அவற்றுக்குத் தடித்த துண்டைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தால் தலை திரும்பாது.

ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகிற நாய்க்கு ரத்தமும் எடுக்க வேண்டியிருக்கும். மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. ஒரு லீவில் முடிகிற வேலை இல்லை.

ரத்தம் எடுப்பதற்கான பிடி இது: ஒரு கையைத் தாடைக்கடியில் கொடுத்து, நாயின் தலையை உங்கள் தோளோடு அணையுங்கள். மறு கையால் முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாலிருந்து தாங்கி நீட்டி, கட்டைவிரலை மேலே அழுத்தி வெளிப்புறமாக உருட்டுங்கள். நரம்பு புடைத்து நிற்கும். டாக்டர் சொன்ன பிறகே விரலைத் தளர்த்த வேண்டும்.

பல நாய்கள் திமிறுவது ஸ்டீல் மேசை வழுக்குவதால்தான். ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். பெரிய நாயென்றால் தரையே நல்லது. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் அமுக்க வருவார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள். அமுக்க அமுக்கத் திமிறல் கூடும். அப்படிக் கூடினால் விட்டுவிட்டு மயக்க மருந்து கேளுங்கள்.

பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ராஜாஜி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டு நாய்தானே என்று ஃப்ளைட் ஏறிவிட வேண்டாம்.