மொறிஸ் மைனரா, வொக்ஸ்வாகன் பீட்டிலா: மட்டக்களப்பில் எது கட்டுபடியாகும்?

பழைய கார் ஒன்றை ஆசைக்கு வைத்திருக்க நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது வாங்கும் விலையைத்தான். எனக்கு அது இரண்டாவது கேள்வி. பழுதானால் ஊருக்குள்ளேயே திருத்தலாமா, இல்லை சாமான் கடல் கடந்து வரவேண்டுமா? மைனரும் பீட்டிலும் பிரிகிற இடம் அதுதான்.

மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். பீட்டில் 2003வரை மெக்சிக்கோவில் உற்பத்தியானது. மொத்தம் 2 கோடிக்கு மேல். அப்படிப் பார்த்தால் பீட்டில் சாமான்தான் மலிந்து கிடக்க வேண்டும். கிடக்கத்தான் செய்கிறது, ஆனால் வெளிநாட்டில், டொலர் விலையில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் அதே ஆண்டில் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மைனருக்கோ கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னும் ஏதாவது அகப்படும். மைனரின் உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு.

அன்றாடப் பராமரிப்பில் பீட்டில்தான் முன்னுக்கு நிற்கிறது. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் ரேடியேற்றர், தண்ணீர்ப் பம்ப், ஹோஸ் எதுவுமில்லை. ஒயில் இரண்டரை லீற்றர் போதும். ஒயில் பில்டரும் இல்லை, ஒரு வலைவடி மட்டும். கழுவித் திரும்பப் போடலாம். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மைனரில் ரேடியேற்றர் ஒரு தனிக் கவலை. நம் கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீரை ஊற்றி வந்தால் உள்ளே காறை பிடித்து அடைத்துவிடும். கூலண்ட் வாங்கி ஊற்றுங்கள், அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

மைனரில் கிறீஸ் வேலையும் இருக்கிறது. முன்சில்லைத் தாங்கும் மேல், கீழ் மூட்டுகள் புரிவெட்டுள்ளவை. காரை ஜாக்கில் தூக்கி, சில்லு தொங்கும்போது கிறீஸ் அடிக்க வேண்டும். உள்ளே கிடந்த கறுத்த கிறீஸ் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புதிய நிறம் தெரியும்வரை அடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் வளைவில் சில்லு மடிந்து கார் குந்திவிடும். ஒரு டப்பா கிறீஸில் தவிர்க்கக்கூடிய செலவு இது. தயவுசெய்து விடாதீர்கள்.

பெரிய செலவில் கதை தலைகீழ். மைனர் எஞ்சின் இரும்பு. ஊரிலுள்ள லேத் பட்டறையே அதற்குப் போதும். ஈயம் நீக்கிய பெற்றோலுக்குப் பிறகு பழைய ஹெட்டில் (எஞ்சினின் மேற்பகுதியில்) வால்வு இருக்கை குழிவதுண்டு. கடினமான வளையங்களை ஒருமுறை பதித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ரப்பர் மலிவு, கழற்றும் கூலிதான் கூட.

பீட்டிலின் எஞ்சின் உறை மக்னீசியக் கலப்புலோகம். அதன் பேரிங் படுக்கை தேய்ந்தால் அளவெடுத்துக் குடைய வேண்டும், அளவு மாறிய பேரிங்கும் வரவழைக்க வேண்டும். அந்தக் கருவியும் அனுபவமும் உள்ளவரைத் தேடுவதே பெரும்பாடு. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு ஆபத்து: எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் இல்லாவிட்டால் கீழிருந்து வெந்த காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். ஏற்கெனவே மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சூடாகிற மூன்றாம் சிலிண்டர்தான் முதலில் போகும். பெற்றோல் குழாயையும் வருடாவருடம் மாற்றுங்கள். அது வெடித்துச் சொட்டினால் எஞ்சின் தீப்பிடிக்கும். மக்னீசியம் எரியத் தொடங்கினால் தண்ணீரால் அணைக்க முடியாது.

துரு இரண்டையும் ஒரே மாதிரித்தான் தின்னும். கல்லடிப் பக்கம் கடற்காற்று, மாரியில் வீதியில் நிற்கும் வெள்ளம், நடுவில் வாவி. மைனருக்குத் தனிச் சேசி இல்லை. ஆகவே பக்கச் சட்டமும் பின்வில் (ஸ்பிறிங்) பிடிக்கும் இடமும் உக்கினால் கார் முழுவதுமே தளர்ந்துவிடும். பீட்டிலில் பின்சீற்றுக்குக் கீழே பற்றரி இருக்கும் தளம் முதலில் ஓட்டையாகும், ஆனால் அந்தத் தளத்தை வெட்டியெடுத்துப் புதிது வைக்கலாம். இரண்டுக்கும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உவர்த் தண்ணீரால் கழுவிப் பலனில்லை. மரச்சட்டம் வைத்த மைனர் ட்ரவலரை இங்கே வாங்கவே வேண்டாம் என்பேன். ஈரமும் கறையானும் சேர்ந்தால் அந்த மரம் தாங்காது, அதுவோ அலங்காரமல்ல, உடலின் பாரம் தாங்கும் பகுதி.

பெட்டி வடிவப் பழைய மிற்சுபிஷியான பொக்ஸ் லான்சரை நினைப்பவர்களும் உண்டு. ஓட்டுவதற்கு அது இரண்டையும்விட வசதி, எஞ்சின் வேலையும் எல்லாக் கராச்சுக்கும் பழக்கம். ஆனால் லைற் கண்ணாடி, உள்சோடனை போன்றவை உடைந்தால் நல்லதாகத் தேடியெடுப்பது கடினம்.

என் தெரிவு மைனர், 948 அல்லது 1098 சிசி எஞ்சினோடு. செலவு அடிக்கடி வரும், ஆனால் சிறிது சிறிதாக, ஊருக்குள்ளேயே முடியும். ஜேர்மனியிலோ சுவிசிலோ அண்ணனோ மச்சானோ இருந்து, வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவராகவும் இருந்தால் பீட்டிலைத் தாராளமாக யோசிக்கலாம். பெற்றோல் குழாய், எஞ்சின் அறை ரப்பர், வால்வு மூடிக் கஸ்கற், பொயின்ற் செற் எல்லாம் ஒரு சூட்கேஸின் மூலையில் அடங்கிவிடும். வாங்குவதற்கு முன்பே அந்தப் பட்டியலை அவருக்கு அனுப்பி, அங்கே என்ன விலை என்று கேட்டுவிடுங்கள்.