டெக்ட்ரானிக்ஸ் 465-ஆ, 2465பி-யா? நாமே ரிப்பேர் செய்வதென்றால் எது?

பழைய ஆசிலாஸ்கோப் (மின் சிக்னலின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு வேகமான சிக்னல்வரை அது சரியாகக் காட்டும் என்பது. நான் முதலில் கேட்பது, படுத்துவிட்டால் என் மேசையிலேயே எழுப்ப முடியுமா என்பது.

எண்களை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. 1972-இல் வந்த 465-இல் 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல். 2465பி-யில் 400 மெகாஹெர்ட்ஸ், நான்கு சேனல், அளவுகள் திரையிலேயே எழுத்தாக வரும்.

மூடியைக் கழற்றினால் நிலைமை மாறுகிறது. 465-இல் இருப்பது சாதாரண லீனியர் பவர் சப்ளை. 110, 55, 15, 5, மைனஸ் 8 வோல்ட் லைன்களை மல்டிமீட்டரால் வரிசையாகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஏதாவது ஒரு லைன் படுத்திருந்தால் என் முதல் சந்தேகம் அதிலுள்ள டாண்டலம் கெபாசிட்டர்கள்மீதுதான். ஒன்று ஷார்ட் ஆனாலே மொத்த லைனும் விழுந்துவிடும். சர்வீஸ் மேனுவலில் முழு சர்க்யூட்டும், எந்த இடத்தில் என்ன அலைவடிவம் வரவேண்டும் என்பதும் இருக்கிறது. பிக்சர் டியூப் பக்கம் மட்டும் கவனம், அங்கே 18 கிலோவோல்ட்.

2465பி-யில் ஸ்விட்சிங் சப்ளை, அதாவது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் வகை. அதன் முதல் பகுதி நேரடியாக மெயின்ஸில் நிற்கிறது. மெயின்ஸோடு நேரடித் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அங்கே இன்னொரு ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டவே கூடாது. அப்புறம், பிற்காலத்து 2465பி-களின் கன்ட்ரோல் போர்டில் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். ஸ்கோப் ஒழுங்காக ஓடினாலும் வாங்கியவுடன் அவற்றை மாற்றிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய கவலை காலிப்ரேஷன், அதாவது ஸ்கோப் சரியாக அளக்க அதற்குள் பதிந்திருக்கும் திருத்த எண்கள். பிற்காலத்து 2465பி-களில் அந்த எண்கள் பேட்டரி உள்ளேயே அடைபட்ட ஒரு டாலஸ் மெமரி சிப்பில் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் திரையில் 'டெஸ்ட் 04 ஃபெயில்' வரும். திரும்ப காலிப்ரேட் செய்யத் தேவையான ஜெனரேட்டர்கள் வீட்டில் யாரிடம் இருக்கும்? எண்கள் உயிரோடு இருக்கும்போதே படித்துப் புதுச் சிப்பில் ஏற்றிவிட வேண்டும். திரையில் கோட்டைப் பக்கவாட்டில் ஓட்டும் யு800 ஐசி போனாலும் தொல்லைதான். டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்று செய்தது அது. இன்னொரு பழைய ஸ்கோப்பிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். 465-இலும் அவர்களுடைய சொந்த ஐசிக்கள் உண்டு, ஆனால் பெரும்பகுதி தனி டிரான்சிஸ்டர்கள். சமமான வேறொன்றைப் போட்டு ஓட்டிவிடலாம்.

முதல் ஸ்கோப், கையில் ஒரு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் மட்டும் என்றால் 465-ஐயே வாங்குங்கள், டிரேஸ் (திரையில் ஓடும் கோடு) வராத நிலையில் மலிவாகக் கிடைத்தாலும் சரி. 2465பி என்றால், உங்கள் கண்முன்னே ஆன் செய்து, செல்ஃப் டெஸ்ட் முழுதும் தேறியதைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.