ஒக்டோபரில் சிவனொளிபாத மலையேற வழிகாட்டி கேட்கிறார்களா? முதலில் இதைப் படியுங்கள்

மஸ்கெலியா, நல்லதண்ணி, நோர்வூட் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டும் தம்பி தங்கைமாருக்காக எழுதுகிறேன். சுற்றுலா முகவர் என்று சொல்லிக்கொண்டு கண்டியிலிருந்து அழைத்த ஓர் அலுவலகம் என் கூலியை விழுங்கிவிட்டது. போதாததற்கு என் பெயரைக் காட்டி நான்கு பயணிகளின் பணத்தையும் பிடுங்கியிருக்கிறது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கே பிடிபடும்.

சிவனொளிபாத மலையின் பருவகாலம் டிசம்பர் மாதத்துப் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிவது நம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதன் பிறகு மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் திருவுருவத்தைப் பெல்மதுளைப் பக்கமுள்ள கல்பொத்தாவல விகாரைக்கு இறக்கிவிடுவார்கள். படிக்கட்டு விளக்குகள் எரியாது, தேநீர்க் கடைகளில் கம்பும் தகரமும்தான் மிஞ்சியிருக்கும். ஐரோப்பாவில் இலையுதிர்கால விடுமுறை விட்டு அங்கிருந்து ஆட்கள் இங்கே வருகிற ஒக்டோபரில் நமக்கு இடைப்பருவ மழை. பிற்பகலில் இடி இடிக்கும், இரவில் மூடுபனி கவிழும், படிக்குப் படி இரத்தம் உறிஞ்சும் அட்டை. அதற்காக அந்த மாதத்தில் யாரும் ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டமில்லாத மலையை விரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லி அழைத்துப் போனால் சந்தோஷமாகத் திரும்புவார்கள். இந்த அலுவலகம் விற்றதோ ஜனவரி மாதத்து மலையை.

பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில்தான். வாய்க்கு வாய் 'தம்பி' என்று மிக மரியாதையாகப் பேசினார் அந்த ஆள். கூலி 15,000 ரூபா, முற்பணம் 3,000, மீதி மலையிறங்கிய அன்றே வங்கிக் கணக்கில் விழும் என்றார். அலுவலகப் பதிவுக்கு வேண்டும் என்று என் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். எந்த முகவரும் கேட்பதுதானே, அனுப்பி வைத்தேன்.

வந்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு தம்பதிகள், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். நல்லதண்ணியில் அவர்களை இறக்கிய வேன் சாரதி ஒரு நிமிடம் நிற்கவில்லை. அதிகாலை இரண்டு மணி, தூறல் வேறு. அவர்களில் மூத்தவர் இருட்டில் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, விளக்குகளை எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேட்டார். நான் விழித்தேன். அவருடைய மனைவி பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

கணினியில் அடித்த தாள். தலையில் அரச இலச்சினை போன்ற ஏதோவொன்று மங்கலாக இருந்தது. 'மலையேறும் அனுமதி' ஒருவருக்கு 25 டொலர், 'விளக்கு வசதிக் கட்டணம்' 10 டொலர். ஊதா மையில் குத்திய முத்திரையில் பாதி எழுத்து தாளுக்கு வெளியே போயிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பொறுப்பான வழிகாட்டி என்று என் முழுப்பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும்! டோர்ச் வெளிச்சத்தில் அதை வாசித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சிவனொளிபாத மலையேற நுழைவுச்சீட்டு என்று எதுவும் கிடையாது, நமக்கும் இல்லை, வெளிநாட்டவருக்கும் இல்லை. நன்கொடைப் புத்தகத்தை நீட்டினால் விரும்பியவர் போடலாம், அவ்வளவுதான். இதை அங்கேயே அவர்களிடம் சொன்னேன். மூத்தவர் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். தாளில் இருப்பது என் பெயர், பாவம், அவர் வேறு யாரைச் சந்தேகிப்பார்?

வந்ததற்கு ஏறிப் பார்ப்போம் என்று மற்ற மூவரும் சொன்னதால் புறப்பட்டோம். வழியிலுள்ள சீத கங்குல ஓடையைத் தாண்டியதும் மழை கொட்டத் தொடங்கியது. அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வரும்படி நான் அனுப்பிய குறிப்பைக்கூட அலுவலகம் அவர்களுக்குச் சேர்க்கவில்லை. அந்த அம்மாவின் ஒரு கணுக்காலிலேயே ஏழெட்டுத் தொங்கின. இந்திகட்டுபான என்ற இடத்துக்கு வந்தபோது படிகள் வாய்க்காலாகிவிட்டன. அதற்கு மேல் மகாகிரிதம்பவின் செங்குத்துப் படிகள். எழுபதை நெருங்கும் மனிதர்களை அந்தத் தண்ணீரில் ஏற்றிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. திருப்பி அழைத்து வந்தேன். இன்றும் அதைத்தான் செய்வேன்.

மறுநாள் 'தம்பி' காணாமற்போய்விட்டது. உச்சிக்குப் போகாதவனுக்கு என்ன கூலி, பயணிகள் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், முற்பணத்தை அனுப்பு என்று என்னிடமே வசூலிக்கப் பார்த்தார். பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். பயணிகள் இணையத்தில் எழுதிய விமர்சனத்தில் மோசடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர் நிற்கிறது. கூலி போனால் இன்னொரு பயணத்தில் சம்பாதிக்கலாம், இதை எப்படித் துடைப்பது?

வழிகாட்டிகளைப் போலவே முகவர்களும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டியல் சபையின் இணையத்தளத்தில் இருக்கிறது. இந்த அலுவலகத்தின் பெயர் அதில் இல்லை. அனுமதிப்பத்திரத்தின் படம் அனுப்புவதென்றால் அதன் குறுக்கே எந்தப் பயணத்துக்கு, எந்தத் திகதிக்கு என்று பெரிதாக எழுதி அனுப்புங்கள். பயணிகளுக்கு என்ன விற்றிருக்கிறார்கள் என்ற நிகழ்ச்சிநிரலையும் கட்டண விபரத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேலையே வேண்டாம். பாதிக் கூலியாவது முன்கூட்டி வர வேண்டும். மழைக்கோ மண்சரிவு எச்சரிக்கைக்கோ திரும்பினாலும் முழுக் கூலி உண்டு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், இந்த மலைப்பாதை இருக்கும் நுவரெலியா மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் எவ்வளவு கூலி சொன்னாலும் போகாதீர்கள்.

சபையிலும் சுற்றுலாப் பொலிஸிலும் எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். அந்தப் போலி அனுமதித் தாளின் படமும் உரையாடல்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இப்போது அதே குரல் வேறொரு நிறுவனப் பெயரில் டிக்கோயாப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் அனுமதிப்பத்திரப் படம் கேட்டிருக்கிறது. இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். தனித்தனியாக அலைவதைவிட எல்லோருடைய தாள்களையும் ஒரே முறைப்பாட்டில் சேர்த்துக் கொடுக்கலாம்.