ஊட்டிக் குளிருக்கு வாங்கிய மின்போர்வை: தன் சூட்டைத் தானே அளக்கிறதா?

மார்கழி, தை மாதத்து உறைபனி இரவுகளில் பாதங்கள் சில்லிட்டு என் அம்மாவுக்குத் தூக்கம் கெடுவதால், மெத்தைமேல் விரிக்கும் எலக்ட்ரிக் பிளாங்கெட் ஒன்றைச் சென்ற ஆண்டு ஊட்டியில் வாங்கினோம். முன்னிரவில் இதமாக இருக்கும் அது, மேலே கம்பளியும் சேர்வதால் நள்ளிரவுக்குமேல் தகிக்கத் தொடங்கும். அம்மா எழுந்து அணைப்பார், சிறிது நேரத்தில் மீண்டும் நடுங்குவார். அதிலிருந்த ‘லோ’, ‘ஹை’ சுவிட்ச் கம்பிக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்ததே தவிர, போர்வை எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை அறியும் வழி அதற்கு இல்லை.

இந்த ஆண்டு வாங்கிய, ஆறு நிலைகள் கொண்ட போர்வையில் சூடேற்றும் கம்பியே வெப்பத்தை உணரும் கருவியாகவும் இருக்கிறது. ஒற்றைக் கம்பியாகத் தோன்றும் அதனுள் ஒரு கடத்தி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேல் இன்னொரு கடத்தி என அடுக்குகள் உள்ளன. சூடு ஏறும்போது மின்தடை மாறுவதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓயாமல் கவனித்து, மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. மூன்றாம் நிலையில் வைத்து இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூட்டில் வேறுபாடே தெரியவில்லை. 60 வாட் என்பதால், எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது.

ஆனால் பெட்டி அறிவது கம்பி முழுவதற்குமான மொத்தக் கணக்கைத்தான். ஒரு மடிப்பில் மட்டும் சூடு தேங்கினால் அது அந்தக் கணக்கில் கரைந்துவிடும். அளவு மீறிச் சூடேறிய இடத்தில் உறை உருகி, இரண்டு கடத்திகளும் தொட்டு, ஃபியூஸ் போய்ப் போர்வை அணைந்துவிடுவதே அங்கே உள்ள கடைசிக் காவல். பழைய போர்வைகளில் இதற்காகக் சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கொட்டைப்பாக்கு அளவு தெர்மோஸ்டாட்டுகளை ஆங்காங்கே வைத்துத் தைத்திருப்பார்கள். முதுகில் உறுத்தும், இடைப்பட்ட இடத்துச் சூடும் அவற்றுக்கு எட்டாது. ஆகவே தினமும் சுருக்கமின்றி நீவி விரிக்கிறேன்.

இதன் குறை, இணைப்பு வயர் குட்டையாக இருப்பது. பெட்டி தலையணைக்கு அடியில் போய்விடாதபடி கட்டில் காலில் கட்டிவைத்திருக்கிறேன். சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும், எந்த வகைப் போர்வையானாலும், படுக்கையைச் சூடாக்கிக்கொண்டு படுக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.