விலையுயர்ந்த ஐஸ் பெட்டி: கொடுத்த காசு எங்கே போகிறது?

காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு விலையுயர்ந்த ஐஸ் பெட்டி தேவையில்லை. ஐஸ் கிடைக்காத இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குகிறவர்களுக்கும், படகிலும் வண்டியின் பின்பக்கத்திலும் பெட்டியை அடிபட விடுகிறவர்களுக்கும் அந்தக் காசு வீண்போகாது. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் கீழே உள்ள கணக்கும், பல வருடப் பயன்பாட்டில் இந்தப் பெட்டிகள் எங்கெங்கே பழுதாகின்றன என்ற விவரமும்.

சாதாரணப் பெட்டியைவிட விலை நான்கைந்து மடங்கு ஏறுவதற்கு முதல் காரணம் தயாரிப்பு முறை. பாலிஎத்திலீன் தூளை அச்சுக்குள் போட்டு, சூளையில் வைத்து இரண்டு திசையிலும் சுழற்றுவார்கள். தூள் உருகி அச்சின் உள்சுவரில் ஒரே சீராகப் படியும். ஒட்டோ இணைப்போ இல்லாத ஒற்றைக் கூடு கிடைக்கும். ரோட்டோமோல்டட் என்று பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான். ஒரு கூடு வார்க்க நேரம் அதிகம், பொருளும் அதிகம். பிறகு அந்தக் கூட்டுக்குள் பாலியூரிதேன் ஃபோமை அடைப்பார்கள். ஐஸைக் காப்பது இந்த ஃபோம்தான். வெளியே இருக்கும் தடித்த பிளாஸ்டிக் அடிதாங்குவதற்கு, குளிரைப் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை.

2006-இல் அமெரிக்காவின் டெக்சஸில் ராய், ரயன் சீடர்ஸ் சகோதரர்கள் எட்டி (Yeti) என்ற ஐஸ் பெட்டி நிறுவனத்தைத் தொடங்கியதும் உறுதிக்காகத்தான். மீன்பிடிப் படகில் பெட்டிமேல் ஏறி நின்றால் சாதாரணப் பெட்டியின் மூடி உள்வாங்கிவிடும், கீலும் கைப்பிடியும் பிய்ந்து போகும். அதைத் தாங்கும் பெட்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. பத்து நாள் ஐஸ் நிற்கும் என்ற பேச்சைக் கேட்டு வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கணக்கு. உள்ளளவு 50 × 30 × 30 செ.மீ., அதாவது 45 லிட்டர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சுவர் முழுக்க 5 செ.மீ. பாலியூரிதேன். வெளியே 32 டிகிரி, உள்ளே 2 டிகிரி. சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் ஏறக்குறைய 15 வாட், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 1,300 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக, ஒரு நாளைக்குக் கரைவது 4 கிலோ. அதே உள்ளளவுள்ள மலிவுப் பெட்டியில் சுவர் 2.5 செ.மீ. இருக்கும், மூடி பெரும்பாலும் வெற்றுக்கூடு. காற்று கசியும் இடங்களையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 8, 9 கிலோ கரையும். 12 கிலோ ஐஸ் போட்டால் ஒன்றில் மூன்று நாள், இன்னொன்றில் ஒன்றரை நாளுக்கும் குறைவு. நான்கைந்து மடங்கு காசுக்குக் கிடைப்பது இரண்டு மடங்கு நேரம். இந்த விகிதத்தை ஏற்க முடிந்தால் வாங்கலாம்.

விளம்பரத்தில் சொல்லும் ஒன்பது பத்து நாள் பொய்யா என்றால், பொய்யில்லை. அதே 45 லிட்டர் பெட்டியில் விளிம்புவரை ஐஸ் கட்டிகளை நிரப்பினால் 24 கிலோ பிடிக்கும். வெளியே 20 டிகிரி, நிழல், மூடியைத் திறப்பதே இல்லை, பெட்டியும் முன்கூட்டியே குளிர்ந்திருக்கிறது என்றால், கடைசித் துண்டு கரைய ஒன்பது நாள் ஆகும் என்றுதான் கணக்கும் சொல்கிறது. ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு பாட்டில் வைக்கக்கூட இடமிருக்காது. கடைசித் துண்டு கரைகிற வரை உணவு பத்திரமாக இருக்கும் என்பதும் இல்லை. இறைச்சியும் பாலும் 4, 5 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். ஐஸ் கொஞ்சமே மிஞ்சியிருக்கும்போது அடியில் தண்ணீர் சில்லென்று இருக்கும், மேல் அடுக்கில் வைத்த பொருள் 10 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஒரு சின்ன தெர்மாமீட்டரை மேல் அடுக்கில் போட்டு வைப்பது நல்லது.

ஐஸை உண்மையில் தின்பது, நாம் உள்ளே வைக்கும் சூடான பொருள். ஒரு லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்குக் கொண்டுவர 375 கிராம் ஐஸ் போகும். குளிராத பாட்டில்களாக 12 லிட்டர் வைத்தால் நாலரை கிலோ ஐஸ் காலி. நல்ல பெட்டியின் ஒரு நாள் இழப்பை விட இது அதிகம். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த பெட்டி தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே இன்னொரு கிலோ அளவுக்குப் பிடுங்கிக்கொள்ளும், ஏனென்றால் தடித்த பெட்டியில் பிளாஸ்டிக் அதிகம். 12 கிலோவில் மிஞ்சுவது ஆறரை. விலையுயர்ந்த பெட்டியை இப்படிப் பயன்படுத்தினால் ஒன்றரை நாள்தான் தாங்கும். ஃப்ரிட்ஜில் குளிர்வித்த பொருளை, முதல் நாள் இரவே கொஞ்சம் பழைய ஐஸ் போட்டுக் குளிர்வித்த மலிவுப் பெட்டியில் வைத்தாலும் ஏறத்தாழ அதே நேரம் கிடைக்கும். இவ்வளவு செலவு செய்து வாங்கிய பெட்டி ஏமாற்றிவிட்டது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கிறது.

அடிக்கடி திறக்காதே என்ற அறிவுரையைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை திறந்து மூடினால் 45 லிட்டர் காற்று முழுக்க மாறினாலும் போவது 10 கிராம் ஐஸ்தான். குளிர்ந்த காற்று கனமானது, மேல்பக்கம் திறக்கும் பெட்டியில் அது அவ்வளவு சீக்கிரம் வெளியே வழியாது. மூடியை மல்லாத்தி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பதும், எடுத்த பாட்டிலுக்குப் பதில் குளிராத பாட்டிலைச் செருகுவதும்தான் கெடுதல். பானங்களுக்கு ஒன்று, சமையல் பொருளுக்கு ஒன்று என்று இரண்டு நடுத்தரப் பெட்டிகள் வைத்துக்கொள்வது, எல்லாவற்றையும் ஒரே உயர்ரகப் பெட்டியில் அடைப்பதைவிடப் பல குடும்பங்களுக்கு நன்றாக ஒத்துவரும்.

வெயில் இன்னொரு பெரிய எதிரி. உச்சி வெயிலில் அடர்நிற மூடியின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அப்போது மூடிக்கு உள்ளும் புறமும் உள்ள வெப்ப வித்தியாசம் இரட்டிப்பாகிறது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தடிமனில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகிறது. வெள்ளை நிறப் பெட்டி வாங்குங்கள். நிழலில் வையுங்கள். நிழல் இல்லாவிட்டால் ஈரத்துணி போர்த்துங்கள். தரை சுடுகிற இடத்தில் அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். செலவே இல்லாத இந்த வேலைகள் ஐஸை நன்றாக நீட்டித்துக் கொடுக்கும்.

ஐஸ் போடும் விதத்தில் இரண்டு விஷயம் போதும். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருந்த ஐஸ், கடையில் ஈரம் சொட்டக் கிடைக்கும் ஐஸைவிடக் கிலோவுக்கு 11 சதவீதம் கூடுதல் வேலை செய்யும். பெரிய பாளமும் சிறு கட்டியும் கிலோவுக்கு ஒரே குளிர்ச்சிதான் தரும். பாளம் மெதுவாகக் கரையும், கட்டி பொருளைச் சீக்கிரம் குளிர்விக்கும். அடியில் பாளம், இடுக்குகளில் கட்டி என்று போடுவது சரியான முறை. உப்பு தூவினால் ஐஸ் கூட நேரம் நிற்கும் என்று சொல்வது தவறு. உப்பு வெப்பநிலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறக்கும், ஐஸையும் சீக்கிரம் கரைக்கும். உருகிய தண்ணீரை வடிக்கலாமா? பானங்கள் மட்டும் இருந்தால் வேண்டாம், அந்தத் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பாட்டிலைச் சுற்றி நிற்பது நல்லதே. பச்சை இறைச்சியோ மீனோ இருந்தால் கட்டாயம் வடிக்க வேண்டும், பொட்டலம் அந்தத் தண்ணீரில் ஊறக் கூடாது.

பல வருடம் ஆன பெட்டியில் முதலில் பழுதாவது கேஸ்கட். மூடியைச் சுற்றி ஓடும் அந்த ரப்பர் பட்டை, கொக்கி போட்டபடியே மாதக்கணக்கில் கிடந்தால் நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும், மறுபடி உப்பாது. மூலைகளில்தான் முதலில் இடைவெளி விழும். சோதிப்பது எளிது. ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, கொக்கியைப் போட்டு இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. பத்துப் பதினைந்து செ.மீ. இடைவெளியில் சுற்றிலும் பார்க்க வேண்டும். இருட்டறையில் உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடினால் வெளிச்சம் கசியும் இடமும் தெரிந்துவிடும். பெட்டியைச் சும்மா வைத்திருக்கும்போது கொக்கியைக் கழற்றி, மூடி லேசாகத் திறந்திருக்கும்படி ஒரு துணியைச் செருகி வைத்தால் கேஸ்கட்டும் பிழைக்கும், உள்ளே பூஞ்சையும் பிடிக்காது. மீன் வாடை போகவில்லை என்றால் பெட்டியின் சுவரைத் தேய்த்துப் பயனில்லை. வாடை இருப்பது கேஸ்கட் உட்காரும் பள்ளத்தில். பட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பள்ளத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

ரப்பர் கொக்கிகள் வெயிலில் இறுகி, அடிப்பகுதியில் மயிரிழை போல வெடிப்பு விடும். விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். அதற்குப் பிறகு அது அதிக நாள் தாங்காது. மலிவுப் பெட்டியில் அறுந்து போவது மெல்லிய பிளாஸ்டிக் கீல். அது அறுவதைவிட மோசம், அதைப் பிடித்திருக்கும் திருகுத் துளைகள் வழியாக ஃபோமுக்குள் தண்ணீர் இறங்குவது. காலிப்பெட்டி முன்பைவிடக் கனமாகத் தெரிந்தாலோ, ஆட்டினால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலோ அந்தச் சுவர் போய்விட்டது என்று அர்த்தம்.

புதுப்பெட்டியிலும் ஒரு குறை மறைந்திருக்கலாம். ஃபோம் அடைக்கும்போது சில மூலைகளில் நிரம்பாமல் வெற்றிடம் விழுந்துவிடும். விலை அதிகம் என்பதால் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். வாங்கியவுடன் ஐஸ் நிரப்பி, ஈரப்பதமான அறையில் சில மணி நேரம் வைத்து, வெளிச்சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது திட்டாக வியர்த்திருந்தால், அல்லது ஒரு கையகலம் மட்டும் சில்லென்று இருந்தால், அதற்குப் பின்னால் ஃபோம் இல்லை. மூடியின் நடுப்பகுதியும் அடிப்பக்க மூலைகளும் முக்கியம். மாற்றிக் கேட்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

ஐஸ் போட்ட கொஞ்ச நேரத்தில் மூடி திறக்க வராமல் இறுகிக்கொள்வது பழுதல்ல. உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கியதால் வரும் உறிஞ்சல் அது, கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். வடிகால் மூடியை அரைச்சுற்று தளர்த்தினால் விட்டுவிடும். கொக்கியை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள்.

வாங்கிய பிறகே பலருக்கும் உறைப்பது கனமும் இடமும். 45 லிட்டர் உள்ளளவுக்கு வெளியளவு 60 × 40 × 40, அதாவது 96 லிட்டர் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். காலிப்பெட்டியே 10 கிலோ வரும். ஐஸும் பொருளும் சேர்த்தால் 35 கிலோவைத் தாண்டும், ஒருவர் தூக்கும் கனமல்ல. மாடலின் பெயரில் உள்ள எண்ணை லிட்டர் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சில பிராண்டுகளில் அது லிட்டரும் அல்ல, அமெரிக்க அளவான குவார்ட்டும் அல்ல, வெறும் பெயர். உள்நீளம், அகலம், உயரத்தை அளந்து பெருக்கிப் பாருங்கள்.

என் கருத்தில் பெரும்பாலோருக்குச் சரியானது நடுத்தர விலைப் பெட்டி. மூடியிலும் ஃபோம் இருக்க வேண்டும், கேஸ்கட் இருக்க வேண்டும், சுவர் 4 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஐஸ் நிற்கும் நேரத்தில் உயர்ரகப் பெட்டிக்கு அருகில் வந்துவிடும். கீலும் கொக்கியும் மட்டும் அவ்வளவு முரட்டு உழைப்பைத் தாங்காது. மூடியைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்: ஃபோம் உள்ளது மந்தமாக ஒலிக்கும், வெற்றுக்கூடு டப்பா போல ஒலிக்கும்.

வீட்டில் ஏற்கெனவே வெற்று மூடியுள்ள மலிவுப் பெட்டி இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். 2.5 செ.மீ. தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் (XPS, பாலிஸ்டைரீன்) ஃபோம் பலகையை உள்ளளவுக்குச் சரியாக வெட்டி, சுத்தமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பொருளின் மேலேயே படியும்படி வையுங்கள். பொருள் குறையக் குறைய பலகையும் கீழே இறங்கும், மேலே வெற்றிடம் பாதிக்காது. கணக்குப்படி இது ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ ஐஸைக் காப்பாற்றும். மூடிக்குள் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். அந்த வகை ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். மூடிய குழிக்குள் நடுப்பகுதி பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கொஞ்சம் அதிகமாக அடித்தால் மூடி உப்பிக்கொண்டு, விளிம்பு உட்காராமல் போகும்.

டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு கிலோ டிரை ஐஸ் ஆவியானால் 540 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு ஆகும். இறுக்கமாக மூடும் பெட்டியில் அந்த வாயு வெளியேற வழி வேண்டும், வடிகால் மூடியைத் தளர்த்தியே வையுங்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு பயணம் செய்யாதீர்கள்.

நான்கு நாளுக்கு மேல் தங்குகிறவர்கள், வண்டியில் மின்சாரம் எடுக்க வசதி இருந்தால், உயர்ரக ஐஸ் பெட்டிக்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜைப் பார்க்கலாம். ஐஸ் அடைக்கும் பாதி இடமும் உணவுக்கே கிடைக்கும்.

எல்லாம் யோசித்து உயர்ரகப் பெட்டியே வாங்குவது என்று முடிவானால், நிறத்தையும் அளவையும் தேர்வதற்கு முன் கேஸ்கட், கொக்கி, வடிகால் மூடியின் வாஷர் ஆகிய மூன்றும் தனியாகக் கிடைக்கின்றனவா, உங்கள் முகவரிக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். கூடு இருபது வருடம் உழைக்கும். இந்த மூன்றும் உழைக்காது. உதிரிபாகம் கிடைக்காத பிராண்டு என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.