தெருப் புகைப்படம்: பட்டறையா, வழிகாட்டியா?

தெருவில் கண்ணில் படும் மனிதர்களையும் காட்சிகளையும் அப்படியே எடுக்கும் தெருப் புகைப்படம் கற்க இரண்டு வழிதான் அதிகம் கண்ணில் படுகிறது: இரண்டு மூன்று நாள் பட்டறை, இல்லையென்றால் மாதக்கணக்கில் ஒரே வழிகாட்டியிடம் படங்களைக் காட்டித் திருத்திக்கொள்வது.

பட்டறையின் பெரிய லாபம் கூச்சம் போவது. பயிற்சியாளர் கேமராவில் எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு), 1/500 நொடி (ஷட்டர் வேகம்) என்று வைக்கச் சொல்லி, இரண்டு மீட்டரில் ஃபோகஸைப் பூட்டவைத்து, கூடவே நடந்தபடி "இன்னும் ஓரடி முன்னால போங்க" என்பார். அந்த ஓரடியை எந்த வீடியோவும் சொல்லித் தராது. ஆனால் வந்த எல்லோரும் ஒரே மூலையில் ஒரே நிழலுக்குக் காத்திருந்து, ஒரே மாதிரிப் படத்தோடு திரும்புவதும் நடக்கிறது.

வழிகாட்டியிடம் வேலை மெதுவாகத்தான் நகரும். உங்கள் படங்களையெல்லாம் மேசையில் பரப்பி, உங்களுக்கு ரொம்பப் பிடித்ததையே முதலில் ஒதுக்குவார், அப்புறம் நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்றை எடுத்து, இது ஏன் உங்களுக்குத் தோன்றியது என்று விடாமல் கேட்பார். 1950களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ், லிசெட் மாடல் என்ற புகைப்படக் கலைஞரிடம் படித்தது இப்படியொரு திருப்பம்தான். குருவின் நகலாகிவிடும் ஆபத்தும் உண்டு.

சரி, எடுக்கவே தயங்குபவர் பட்டறைக்குப் போகலாம். படங்கள் குவிந்தும் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று திணறுபவருக்கு வழிகாட்டிதான். அதிலும் தன் பாணியைத் திணிக்காதவராகப் பார்த்துப் பிடியுங்கள்.