குழாய்த் தண்ணீரா, கேன் தண்ணீரா?

குழாய்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கெடுவது வழியில். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம் என்று விட்டால், மீதி நேரம் குழாய் காலியாகக் கிடக்கும். அழுத்தம் இறங்கியதும், தேய்ந்த இணைப்புகள் வழியே பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். அதனால் முதலில் வரும் கலங்கலைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், குழாய்த் தண்ணீரில் எஞ்சியது லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்க வேண்டும். சில சொட்டு ஊற்றிப் பார்க்கும் பரிசோதனைக் கிட் போதும். குடிக்க, கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

கேன் தண்ணீரில் உப்பு குறைவு, ருசி உண்டு. ஆனால் குளோரின் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது. வெயிலில் நிற்கும், கழுவாத கேனில் பாசி பிடிக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, உடையாத சீல் மூன்றும் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

நாளுக்கு 20 லிட்டர் கேன் ஒன்று, 35 ரூபாய் என்றால் மாதம் 1,050 ரூபாய். குடிநீர் வரி தனி! தினக்கூலி வீட்டில் இது இரண்டு நாள் சம்பளம். கலங்கலோ நாற்றமோ இல்லாத தெருவென்றால் காய்ச்சிய குழாய்த் தண்ணீரே போதும். சாக்கடை வாடை வந்தால் காய்ச்சியும் குடிக்காதீர்கள். அந்த வாரம் கேன் வாங்கி, புகார் கொடுத்து எண்ணைக் குறித்து வையுங்கள்.